பழைய டுகாட்டி ஸ்க்ராம்ப்ளரும் உப்புக்காற்றும்: முதல் மாதம் எதைத் திறந்து பார்ப்பது?

#1 உச்சிப்புளி803

பழசா வாங்கின பைக். டுகாட்டி ஸ்க்ராம்ப்ளர் ஐகான், 2016. 803 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின். மீட்டரில் 9,400 கி.மீ. சர்வீஸ் புக்கில் கடைசி முத்திரை 2019. சாவி ரெண்டும் இருக்கு. இதுவரை கோயம்புத்தூரில் மூடிய கார் ஷெட்டில் நின்ற வண்டி. இனி நிற்கப்போறது ராமேசுவரம் போற வழியில இருக்கிற உச்சிப்புளியில, தகரக் கொட்டகை. கடல் கண்ணுக்குத் தெரியாது, காற்று மட்டும் நேரே வரும்.

கேட்க வேண்டியது:

12,000 கி.மீ.தான் பெரிய சர்வீஸ்னு போட்டிருக்கு. அதுக்கு இன்னும் 2,600 இருக்கு. அதுவரை பெல்ட், வால்வு எதையும் தொட வேண்டாமா?

3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே வெட்டி வெட்டி இழுக்குது. சிக்னல்ல நின்னா நியூட்ரல் விழ மாட்டேங்குது. இது வண்டியோட குணமா, கோளாறா?

பாம்பன், தனுஷ்கோடி பக்கம் போயிட்டு வந்தா எதை, எப்படிக் கழுவணும்?

ஆயில் எது?

#2 பட்டறைமேசை

தம்பி, மீட்டரை ஒரு துணியால மூடி வச்சிட்டு நாள்காட்டியைப் பாருங்க. இந்த எஞ்சினில் வால்வை இயக்குற கேம்ஷாஃப்டைச் சுத்துறது செயின் இல்ல, ரெண்டு ரப்பர் பெல்ட். ஒரு சிலிண்டருக்கு ஒண்ணு. அதை மாத்த வேண்டிய கணக்கு 24,000 கி.மீ. அல்லது 5 வருஷம், எது முந்துதோ அது. உங்க வண்டிக்கு 5 வருஷம் எப்பவோ தாண்டிருச்சு. 2019 சர்வீஸில் மாத்தினதுக்கு பில் இருந்தாலும் அதுவும் காலாவதிதான். பெல்ட் மாத்துற வரைக்கும் நீண்ட ஓட்டம் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இது டெஸ்மோ. சாதாரண எஞ்சினில் கேம் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். இதில் திறக்க ஒரு ராக்கர், மூட இன்னொரு ராக்கர். 1956இல் ஃபாபியோ தாலியோனி பந்தய வண்டிக்குச் செஞ்ச அதே தத்துவம். அதிவேகத்தில் வால்வு மிதக்காதுங்கிறது லாபம். ஆனா ஓட்டத்தில் பெல்ட் அறுந்தாலோ பல் தாவினாலோ கேம் நிக்கும், பிஸ்டன் நிக்காது. திறந்த வால்வில் பிஸ்டன் இடிக்கும், வால்வு வளையும். பெல்ட் செலவு எஞ்சின் செலவாயிரும்.

பெல்ட் வலப்பக்கம், பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே. மூடியைக் கழட்டினா பெல்ட் முதுகில் அச்சடிச்ச தேதி, பாகம் எண் தெரியும். பார்க்க வேண்டியது: பல்லடியில் மயிரிழை விரிசல், ஓரத்தில் நூல் பிரிவு, எண்ணெய்க் கசிவு பட்ட பளபளப்பு. பெல்ட்டோட நிறுத்திடாதீங்க. கூடவே பெல்ட்டை இறுக்கி வைக்கிற டென்ஷனர் உருளைகளை விரலால் சுழற்றிப் பாருங்க. மணல் அரைக்கிற மாதிரி சத்தம் வந்தாலோ, தட்டினா ஆடினாலோ அதையும் சேர்த்து மாத்துங்க. புது பெல்ட் போட்டுப் பழைய பேரிங் சிக்கினா பெல்ட்தான் பலி.

#3 தொண்டி_ட்வின்

ஒரு மாற்றுக் கருத்து. 9,400 கி.மீ. ஓடின பெல்ட்டில் விரிசல் இல்லேன்னா, டென்ஷன் சரி பண்ணிட்டு 12,000 வரைக்கும் ஓட்டலாம்னு சொல்ற ஆட்கள் உண்டு. கழட்டின பழைய பெல்ட்டுகள் பலதும் பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும். கேட்டவர் பணத்தை முதல்லயே பயமுறுத்திப் பிடுங்க வேண்டாமே.

#4 பட்டறைமேசை

> கழட்டின பழைய பெல்ட்டுகள் பலதும் பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும்

அதான் நண்பா சிக்கலே. பெல்ட்டோட பலம் ரப்பரில் இல்ல, உள்ளே ஓடுற நாரில் இருக்கு. நார் சோர்ந்தது வெளியே தெரியாது. ஓடுற வண்டியை விட நிக்கிற வண்டியில் இது இன்னும் மோசம். பெல்ட்டின் ஒரே இடம் சின்ன புல்லியில் மடிஞ்சு மாசக்கணக்கா நிக்கும். அந்த மடிப்பு அப்படியே படிஞ்சிரும். வருஷத்துக்கு ஆயிரம் கி.மீ. ஓடின வண்டி 'கம்மியா ஓடினது' இல்ல, 'அதிகமா நின்னது'.

விரிசல் தெரிஞ்சா மாத்துறதுங்கிறது கார் ஃபேன் பெல்ட்டுக்குச் சரி. இதுக்குச் சரியில்ல.

#5 தொண்டி_ட்வின்

நின்ன மடிப்பு விஷயம் ஏத்துக்கிறேன். அப்ப மாத்துறவருக்கு ரெண்டு குறிப்பு. பெல்ட் கழட்டுறதுக்கு முன்னாடி பிளக் ரெண்டையும் எடுத்திடுங்க, கம்ப்ரஷன் தடுக்காது. பின்சக்கரத்தைப் பேடாக் ஸ்டாண்டில் தூக்கி, 6ஆம் கியர் போட்டு, சக்கரத்தை ஓடுற திசையில் கையால் சுத்தினா எஞ்சின் மெதுவா சுழலும். புல்லியில இருக்கிற புள்ளிகளும் மூடியில இருக்கிற கோடுகளும் ஒண்ணுக்கொண்ணு நேரா வரணும். வந்ததும் வெள்ளை பெயின்ட்டால பழைய பெல்ட், புல்லி ரெண்டிலும் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு எத்தனை பல்னு எண்ணி, அதே கணக்கைப் புது பெல்ட்டில் மாத்திக்குங்க. ஒரு பல் தப்பினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகலாம், ஆனா ஓட்டம் கெடும். போட்டு முடிச்சதும் எஞ்சினைக் கையாலேயே ரெண்டு முழுச் சுத்து சுத்தணும். எங்கேயாவது கட்டையா இடிச்சா நிறுத்துங்க, ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதீங்க.

டென்ஷனை விரலால் அமுக்கிப் பார்த்து வைக்கிறது இதுக்கு ஆகாது. பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி தட்டி, அதிர்வை ஹெர்ட்ஸில் அளக்கணும். கைபேசியில் அதிர்வெண் காட்டுற செயலி போதும். எத்தனை ஹெர்ட்ஸ்ங்கிறது உங்க மாடலோட சர்வீஸ் மேனுவலில் இருக்கும். வேற டுகாட்டியோட எண்ணை எடுத்துக்காதீங்க, பெல்ட் நீளம் மாறினா எண்ணும் மாறும். அளக்கும்போது எஞ்சின் ஆறியிருக்கணும். சூடான அலுமினியம் விரிஞ்சு பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும், எண் பொய் சொல்லும்.

#6 உச்சிப்புளி803

அண்ணே, அப்ப பெல்ட் முடிவாச்சு, ஆர்டர் போடுறேன். வால்வு?

#7 பட்டறைமேசை

வால்வு 12,000 கி.மீ.யில் பார்க்கிறது. பெல்ட் கழட்டுற நாளிலேயே அளந்திடுங்க, பாதி வேலை அப்பவே முடிஞ்சிருக்கும். சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, மொத்தம் நாலு. ஒவ்வொண்ணுக்கும் திறக்கிற இடைவெளி, மூடுற இடைவெளி. ஆக எட்டு அளவு. எட்டையும் ஒரு தாளில் எழுதி, மேனுவலோட ஒப்பிட்டு, எந்த ஷிம் (இடைவெளியைச் சரிபண்ற சின்ன உலோகத் துண்டு) தேவையோ அதை மட்டும் வரவழைங்க. முதலிலேயே ஷிம் பெட்டி வாங்க வேண்டாம்.

மூடுற ஷிம்மைப் பிடிச்சிருக்கிறது ரெண்டு அரை வளையம். எஞ்சின் புதுசா இருக்கும்போது அது கொஞ்சம் படிஞ்சு உட்காரும், அப்போ மூடுற இடைவெளி கூடும். கழட்டும்போது அரை வளையம் எகிறி ஆயில் வழிக்குள்ள விழும். சுத்தித் துணி அடைச்சிட்டுத் தொடணும். டெஸ்மோ இதுவரை பிரிக்காத மெக்கானிக், எவ்வளவு கைராசிக்காரரா இருந்தாலும், அளக்கலாம். ஷிம் மாத்த வேண்டாம். கம்பெனி பட்டறை சென்னை, கொச்சின்னு தூரத்தில் இருக்கிறதால அளவை மட்டும் இங்கேயே எடுத்து வச்சிட்டா, அங்கே போறது தேவையா இல்லையான்னு முன்னாடியே தெரிஞ்சிரும்.

ஆயில்: 15W-50, ஜாசோ எம்ஏ2 (பைக் ஆயில் தரக்குறி). கிளட்ச் ஆயிலில் நனையுற வகை, கார் ஆயில் ஊத்தினா வழுக்கும். வண்டியைச் சூடாக்கி வடிக்கணும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் களிம்பு இயல்பு. நகத்தில் நிக்கிற சைஸில் செதில் இருந்தா அதைக் காகிதத்தில் மடிச்சு வச்சிட்டு இங்கே படம் போடுங்க. ஃபில்டர், வலைச் சல்லடை, செப்பு வாஷர் எல்லாம் சேர்த்துப் பாருங்க. ஊத்தும்போது மொத்தத்தையும் கவுத்திடாம, கொஞ்சம் குறைச்சு ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி அணைச்சு, சில நிமிஷம் விட்டு, ஒருத்தர் வண்டியை நேரா பிடிக்க, இன்னொருத்தர் வலப்பக்கக் கண்ணாடியில் ரெண்டு கோட்டுக்கு நடுவில் வருதான்னு பார்த்து ஊத்தணும். சைடு ஸ்டாண்டில் சாய்ஞ்ச வண்டி காட்டுற அளவு பொய்.

அந்தக் கண்ணாடியில் பால் மாதிரி படலம் தெரிஞ்சா உடனே பயப்பட வேண்டாம். உச்சிப்புளி கடைத்தெரு வரைக்கும் போய் வர்ற சின்ன ஓட்டத்தில் எஞ்சின் முழுசா சூடாகாது, உள்ளே வேர்த்த ஈரம் ஆயிலோட கலந்து அப்படித் தெரியும். ஒரே மூச்சில் 25, 30 கி.மீ. ஓட்டினா போயிரும். போகலேன்னா ஆயிலை மாத்துங்க. இங்கே ஆயிலுக்கும் கணக்கு வருஷம்தான்.

#8 கீழக்கரை_பாய்

தம்பி, எஞ்சினை அவங்க பார்த்துக்குவாங்க. உப்பை நான் சொல்றேன்.

பாம்பன் பக்கம் உலகத்திலேயே அதிகமா இரும்பு அரிக்கிற இடங்களில் ஒண்ணுன்னு பேர் வாங்கினது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு வருஷம் பூரா பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருந்தது சும்மா இல்ல. உங்க வண்டியில் இரும்பை விட ஆபத்து எது தெரியுமா? அலுமினியமும் எஃகும் தொடுற இடம். எஞ்சின் மூடி அலுமினியம், போல்ட் எஃகு. நடுவில் உப்பு ஈரம் பட்டா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியம் வெள்ளைப்பொடியா பூக்கும். போல்ட் உள்ளேயே சிக்கிரும். அழகுக்காக எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டா மாத்துறாங்களே, அது இதை இன்னும் கூட்டும். மாத்துறதா இருந்தா மரையில் ஆன்டி-சீஸ் (மரை சிக்காம காக்குற பசை) தடவாம போடாதீங்க. ஆனா தடவின மரை வழுக்கும், டார்க் ரிஞ்சில் மேனுவல் சொன்ன முழு அளவு வச்சா மரை பிடுங்கிக்கும். கொஞ்சம் குறைச்சு வைங்க. பிரேக் காலிப்பர் போல்ட்டுக்கு மட்டும் மேனுவல் சொன்னபடிதான், சொந்த யோசனை வேண்டாம்.

அடுத்து தண்ணி. கடல் ஓட்டத்துக்குப் பிறகு வீட்டு போர் தண்ணியில் கழுவுறவங்க உப்பை உப்பால கழுவுறாங்க. சோதிக்கிறது சுலபம். எவர்சில்வர் தட்டைக் கவுத்துப் போட்டு, அந்தத் தண்ணியில் ஒரு சொட்டு விட்டு, நிழலில் காய விடுங்க. வெள்ளை வளையம் நின்னா அது வண்டிக்கு ஆகாது. காவிரிக் குழாய்த் தண்ணி, இல்லேன்னா பிடிச்சு வச்ச மழைத்தண்ணி. முழு வண்டிக்கு 15 லிட்டர் போதும். அதில் கடைசி 5 லிட்டரை மேலேருந்து மெதுவா ஊத்துறதுக்கு ஒதுக்குங்க. உவர்த்தண்ணி மட்டும்தான் இருக்குன்னா, கழுவறதுக்கு அதையும், கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணியையும் வச்சுக்கலாம்.

அன்னிக்கு ராத்திரியே கழுவணும், காலைக்குத் தள்ளக்கூடாது. எஞ்சின் ஆறட்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், அது உப்பை பேரிங்குக்குள்ளயும் கனெக்டருக்குள்ளயும் தள்ளிரும்.

எங்கே அதிகமா படியும்? முன்சக்கரத்துக்கு நேர் பின்னாடி படுத்திருக்கிற சிலிண்டர், அதோட ஃபின் இடுக்கு, ஆயில் கூலர். ஃபின் நடுவில் உப்பும் மணலும் சேர்ந்து காய்ஞ்சா சூடு வெளியேறாது. காற்றில் குளிரும் எஞ்சினுக்கு அதுதான் ரேடியேட்டர். பழைய பல் பிரஷ் ஒண்ணு இதுக்குன்னே வச்சுக்குங்க. அப்புறம் சைடு ஸ்டாண்ட் மூட்டு, ஃபுட்பெக் ஸ்பிரிங், பதிவெண் பலகைக்குப் பின்னாடி, ஹேண்டில் பார் முனை.

#9 உச்சிப்புளி803

பாய், கழுவிட்டு என்ன அடிக்கணும்? WD-40 போதுமா?

#10 கீழக்கரை_பாய்

அது ஈரத்தை விரட்டும், பிடிச்ச போல்ட்டை இளக்கும். ஆனா காவல் நிக்காது, சில நாளில் ஆவியாயிரும். காவலுக்கு ஏசிஎஃப்-50 மாதிரி பிடிச்சு நிக்கிற எண்ணெய்ப்படலம் வேணும், இல்லேன்னா லேனோலின் வகை ஸ்ப்ரே. துணியில் அடிச்சு துணியால் தடவுங்க. நேரா அடிச்சா பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் படும், அது உசுருக்கு ஆபத்து. சைடு ஸ்டாண்ட், ஃபுட்பெக் மூட்டுக்கு மண்டபம், ராமேசுவரத்தில் போட் சாமான் விக்கிற கடையில் கிடைக்கிற மெரைன் கிரீஸ் நல்லது. செயினுக்கு அதைத் தடவிடாதீங்க, மணலை ஒட்ட வச்சு அரைச்சிரும்.

பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க. மண் தரையிலேருந்து ஏறுற ஈரத்தை உள்ளேயே அடைச்சு வைக்கும். பழைய பருத்தி வேட்டி போதும். வாடைக்காற்று மாசத்தில், ஐப்பசியிலேருந்து தை வரைக்கும், கொட்டகையோட வடகிழக்குப் பக்கம் தட்டி கட்டுங்க.

#11 பட்டறைமேசை

வெட்டி இழுக்கிறது பற்றி. இந்த எஞ்சினில் ரெண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே த்ராட்டில் பாடி, 50 மி.மீ. ரெண்டு சிலிண்டரும் 90 டிகிரி விலகி நிக்குது, வெடிப்பும் சம இடைவெளியில் வராது. கீழ் ஆர்பிஎம்மில் கொஞ்சம் உதறுறது பிறவிக்குணம். 3,000க்குக் கீழே உயர் கியர் போடாதீங்க. 50 கி.மீ. வேகத்தில் 5ஆம் கியர் இதுக்கு இல்ல. ஊருக்குள்ள ரெண்டு, மூணுதான்.

ஆனா எல்லாத்தையும் குணம்னு விட்டுடவும் கூடாது. த்ராட்டில் கேபிள் தளர்வு அதிகமா இருந்தா, பிடியைத் திருப்பும்போது முதல்ல வெறுமையா சுத்தி, அப்புறம் திடீர்னு பிடிக்கும். அதுவும் வெட்டு மாதிரிதான் தெரியும். பிடி ஓரத்தில் ஓரிரு மி.மீ. தளர்வு போதும். சரி பண்ணிட்டு ஹேண்டிலை இடமும் வலமும் முழுசா திருப்பிப் பாருங்க, ஐடிலிங் ஏறக்கூடாது. செயின் தொங்கலா இருந்தாலும் இதே உதறல் கூடும். ஆக முதல்ல செயின், அப்புறம் கேபிள், அப்புறம் ஏர் ஃபில்டரும் பிளக்கும், அதுக்கும் பிறகுதான் ஈசியூ (எஞ்சின் கணினி) பத்தி யோசிக்கணும். நேரா அந்தக் கணினியை ரீமேப் பண்ணப் போறவங்கதான் அதிகம்.

நியூட்ரல்: 2016 மாடலில் கிளட்ச் கேபிள்தான், ஹைட்ராலிக் 2019 மாடலில் வந்தது. லீவருக்கும் அதோட பிடிப்புக்கும் நடுவில் ஒரு நாணயம் நுழையுற அளவு இடைவெளி போதும். அதை விடக் கூடினா கிளட்ச் முழுசா விடுபடாது, நியூட்ரல் விழாது. இடைவெளியே இல்லேன்னா கிளட்ச் வழுக்கித் தேயும். கேபிள் உள்ளே துரு பிடிச்சு இழுவை கட்டையா இருந்தா எண்ணெய் விட்டுப் பாக்காதீங்க, மாத்துங்க. இன்னொண்ணு பழக்கம்: நிக்கிறதுக்கு முன்னாடி, வண்டி உருளும்போதே நியூட்ரல் போடுங்க. நின்ன பிறகு தேடினா எந்த டுகாட்டியும் முறைக்கும்.

#12 தொண்டி_ட்வின்

கரன்ட் பக்கம் யாரும் வரல. மல்டிமீட்டர் ஒண்ணு இருந்தா பத்து நிமிஷ வேலை.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில், சாவி போடாம, பேட்டரி 12.7, 12.8 வோல்ட் காட்டணும். ஸ்டார்ட்டர் அழுத்துறப்போ 10க்குக் கீழே இறங்கினா பேட்டரி ஓய்ஞ்சது. ஓடும்போது 4,000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5 வரை. 13க்குக் கீழே நின்னா சார்ஜ் ஏறல, 15ஐத் தாண்டினா சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு. குறைவா இருந்தா உடனே ரெகுலேட்டர் வாங்காதீங்க. கரன்ட் உண்டாக்குற ஸ்டேட்டரிலேருந்து வர்ற மூணு வயர் கனெக்டரைப் பிரிங்க. உப்பு ஊரில் பத்துக்கு ஆறு தடவை அங்கேயே பச்சை பூத்திருக்கும், இல்லேன்னா சூட்டில் பிளாஸ்டிக் பழுத்திருக்கும். மூணு வயரில் எந்த ரெண்டை அளந்தாலும் ஒரே ஓம், அதுவும் ஒண்ணுக்குக் கீழே. எந்த வயரும் எஞ்சின் உடம்போட தொடர்பு காட்டக்கூடாது.

கனெக்டர் சுத்தம்: கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய விட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸை ரப்பர் சீலில் மெல்லிசா தடவுங்க. ஊசிக்குள்ள அப்பி அடைக்க வேண்டாம். தலைப்பக்கம், டேங்குக்குக் கீழே, சீட்டுக்குக் கீழே, மூணு இடம்.

கியர் போட்டதும் எஞ்சின் அணைஞ்சா ஈசியூவைத் திட்டாதீங்க. சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் மணலோ உப்போ அடைச்சிருக்கும். ஸ்டாண்டை ஏத்தி இறக்கிக்கிட்டே தண்ணி ஊத்தினா பாதி சரியாகும், மீதிக்குக் கழட்டிச் சுத்தம் பண்ணணும்.

சாவி: ரெண்டு சாவியிலும் தனித்தனியா ஸ்டார்ட் ஆகுதான்னு இன்னிக்கே பாருங்க. மீட்டர் மெனுவில் பின் கோடு வசதி இருக்கு. சாவியை வண்டி அடையாளம் காணாத நாளில் அந்த நாலு எண்ணைப் போட்டு ஸ்டார்ட் பண்ணலாம். ஆனா முன்னாடியே பதிஞ்சு வச்சிருந்தாத்தான். பழைய உரிமையாளர் பதிஞ்சிருந்தா எண்ணைக் கேட்டு வாங்குங்க. அரிச்சல்முனையில் நின்னுக்கிட்டு கேட்க முடியாது.

#13 வழுதூர்_வளைவு

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. மேனுவல் அனுமதிக்கிறது எத்தனால் 10 சதவீதம் வரைக்கும். இப்போ பங்கில் வர்றது 20 சதவீதம் கலந்தது. சில பழைய டுகாட்டி மாடல்களில் பிளாஸ்டிக் டேங்க் எத்தனாலில் உப்பின சங்கதி பிரசித்தம். ஸ்க்ராம்ப்ளருக்கு அந்தப் பயம் இல்ல, டேங்க் இரும்பு; பக்கத்தில் மாட்டியிருக்கிற பலகைதான் அலுமினியம். ஆனா இரும்பு டேங்குக்கு வேற நோய். எத்தனால் காற்றிலேருந்து ஈரத்தை உறிஞ்சும். அரை டேங்கோட ஒரு மாசம் கடற்காற்றில் நின்னா, தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு அடியில் தங்கி, பம்ப் இருக்கிற இடத்திலேயே துருவை ஆரம்பிக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல நிக்கப்போகுதுன்னா டேங்கை நிரப்பி நிறுத்துங்க, காற்றுக்கு இடம் கொடுக்காதீங்க. மாசக்கணக்கில்னா முழுசா வடிச்சிடுறது மேல்.

டேங்க் 13.5 லிட்டர். லிட்டருக்கு 18, 20 கி.மீ. வச்சுக்கிட்டா 200 கி.மீ.க்கு ஒரு பங்க். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி பக்கம் போறப்போ கணக்குல வச்சுக்குங்க.

டயர் தேதியைப் பாருங்க. ஓரத்தில் நீள்வட்டத்துக்குள்ள நாலு எண்: 2316ன்னா 2016இன் 23ஆவது வாரம். வண்டியோட வந்த டயர்னா பட்டன் எவ்வளவு ஆழமா இருந்தாலும் மாத்தணும், ரப்பர் கல்லாகியிருக்கும். முன் டயர் 110/80-18, பின் 180/55-17. முன்னுக்கு 18 இஞ்ச் ரேடியல் நம்ம பக்கம் கடையில் தொங்காது, சொல்லி வரவழைக்கணும். ஐகானில் வார்ப்புச் சக்கரம், டியூப்லெஸ். கம்பிச் சக்கரம் போட்ட கிளாசிக் மாடலுக்கு டியூப். ராம்நாட்டில் வண்டி ஓட்டுறவனுக்குக் கருவேல முள்ளைச் சொல்லித்தர வேண்டியதில்ல, ஆனா இதை மட்டும்: முள்ளைப் பிடுங்குறதுக்கு முன்னாடி பிளக் குச்சியில் பசை தடவி, தயாரா கையில் வச்சுக்குங்க. பிடுங்கிட்டுத் தேடினா ஓட்டை எதுன்னே தெரியாது.

செயின்: மண்ணெண்ணெயில் நனைச்ச துணியால் துடைங்க. பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், உள்ளே ரப்பர் வளையம் இருக்கு. தொங்கல் எவ்வளவுன்னு ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். சக்கரத்தைச் சுத்தி நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே அதிகம் இறுக்கமோ அந்த இடத்தில் வைங்க.

#14 கீழக்கரை_பாய்

பிரேக் விட்டுப்போச்சு. முன்னாடி 330 மி.மீ. ஒற்றை டிஸ்க், நாலு பிஸ்டன் ப்ரெம்போ. பேடைக் கழட்டினா பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளாதீங்க. சுத்தி உப்பு படிஞ்சிருக்கும், சீலை வெட்டிரும். பிரேக் ஆயில் தொட்ட பல் பிரஷால் தேய்ச்சுத் துடைச்சிட்டுத் தள்ளுங்க. பின் காலிப்பர் ஒற்றை பிஸ்டன், வழுக்கி நகர்ற வகை. அந்த ஊசி காய்ஞ்சா ஒரு பேட் மட்டும் தேயும். சிலிக்கான் கிரீஸ் மட்டும். ஆயில் டாட் 4. ஈரம் குடிக்கிற சரக்கு, நம்ம ஊருக்கு வருஷம் ஒரு தடவை. ப்ளீடர் நிப்பிளோட ரப்பர் தொப்பி காணாம போயிருந்தா இன்னிக்கே வாங்கி மாட்டுங்க. தொப்பி இல்லாத நிப்பிள் ஒரு மழைக்காலத்தில் சிக்கிரும், திருகினா உடையும்.

பாம்பன் சாலைப் பாலம் ரெண்டு கி.மீ.க்கு மேல. கச்சான் காற்று அடிக்கிற மாசத்தில் பக்கத்திலேருந்து அறையும். இதோட ஹேண்டில் அகலம், இறுக்கிப் பிடிச்சா உங்க உடம்பு ஆடுறதெல்லாம் சக்கரத்துக்குப் போகும். முழங்காலால் டேங்கைப் பிடிச்சு கையைத் தளர்த்துங்க. முகுந்தராயர் சத்திரம் தாண்டினா தார்மேல மணல் பரவிக் கிடக்கும், அதுமேல பிரேக் போடாதீங்க, முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க. கடல் தண்ணிக்குள்ள இறக்கிப் படம் எடுக்கிறவங்க பண்றதைப் பண்ணாதீங்க.

#15 வழுதூர்_வளைவு

படிவம் 29, 30 போட்டாச்சா? வாங்கினவர் 30 நாளில் ஆர்சி பெயர் மாத்தணும், இன்ஷூரன்ஸுக்கு 14 நாள். கடன் இருந்த வண்டின்னா வங்கியோட படிவம் 35ம் வேணும். ஓடாம நின்ன வண்டியில் பழைய பாலிசி காலாவதியா இருக்கிறதும் உண்டு, அதை முதல்ல பாருங்க.

#16 உச்சிப்புளி803

பேப்பர் போட்டாச்சு. அளந்ததை எழுதுறேன்.

பெல்ட் முதுகில் 2015 தேதி. விரிசல் இல்ல. மேல் சிலிண்டர் பக்க உருளை சுத்தினா லேசா கரகரப்பு. பேட்டரி நிலையில் 12.3, ஸ்டார்ட்டரில் 9.4, ஓட்டத்தில் 14.2. டயர் 4715. ஒரு சாவி ஸ்டார்ட் ஆகுது, ரெண்டாவது ஆகல. போர் தண்ணிச் சொட்டு வெள்ளை வளையம். கிளட்ச் லீவரில் நாணயம் மூணு நுழையுது, சரி பண்ணதும் நியூட்ரல் பாதி நல்லாயிருச்சு.

#17 தொண்டி_ட்வின்

14.2ன்னா சார்ஜிங் நல்லாருக்கு. 12.3, 9.4 ரெண்டும் பேட்டரி பக்கம் கை காட்டுது. ஏஜிஎம் பேட்டரிக்கான சார்ஜரில் முழுசா ஏத்தி, 12 மணி நேரம் விட்டு மறுபடி அளங்க. திரும்ப 12.5க்குக் கீழே வந்தா மாத்துங்க. மாத்தின பிறகு கசிவும் பாருங்க: சாவி அணைச்சு, நெகட்டிவ் வயரைக் கழட்டி, நடுவில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வச்சு, சில நிமிஷம் பொறுங்க. ஒற்றை இலக்கத்தில் நின்னா சரி. மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பினா மீட்டரோட ஃப்யூஸ் போயிரும்.

ரெண்டாவது சாவியைச் சோதிக்கும்போது முதல் சாவி அதே வளையத்தில் தொங்குதான்னு பாருங்க. ரெண்டு சிப்பும் பக்கத்தில் இருந்தா வண்டி குழம்பும். தனியா வச்சும் ஆகலேன்னா சாவியைப் பட்டறைக் கருவியில் பதியணும். பெல்ட் வேலைக்குப் போறப்போ அதையும், மீட்டரில் சர்வீஸ் விளக்கு அணையாம இருந்தா அதையும் சேர்த்து முடிச்சிடுங்க, ரெண்டுக்கும் அதே கருவிதான்.

#18 பட்டறைமேசை

2015 பெல்ட்! கரகரக்கிற உருளையோட ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி. பெல்ட் ரெண்டு, உருளைகள் முழு செட், கூடவே டயர் ரெண்டு. கியர் நியூட்ரலில், டாடா ஏஸில் ஏத்திக் கட்டி அனுப்புங்க. கட்டும்போது பட்டையை ஹேண்டில் பாரில் போடாதீங்க, முன் ஃபோர்க்கோட கீழ் கிளாம்பில் போட்டு ஃபோர்க் பாதிதான் அமுங்குற அளவுக்கு இறுக்குங்க. முழுசா அமுக்கி 500 கி.மீ. போனா சீல் கசியும்.

#19 கீழக்கரை_பாய்

ஏத்துறதுக்கு முன்னாடி பெல்ட் மூடியைத் திருப்பி மாட்டிட்டீங்களா? ராமநாதபுரம் தாண்டுற வரைக்கும் மணல் பறக்கும். சைலன்சர் வாயிலயும் ஒரு துணி அடைச்சு, சிவப்பு நாடா கட்டி விடுங்க, இறக்குறவங்க கண்ணில் படணும்.